மலைச்சாமி குதிரைக்கு

786

கம்பம்
14.10.2002

குரங்கணி மலையில் பொதிக்குதிரை வைத்திருக்கும் மலைச்சாமி அவர்களுக்கு,

கம்பம் மெத்தைக்கடை ரஃபியா எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. குதிரை நலமா?

எந்தக் குதிரை என்று கேட்டுவிடாதீர்கள். ஆவணியில் என் தம்பி அப்துல் அஜீஸிடம் வாங்கிப் போனீர்களே, நெற்றியில் விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு ஓடும் ஆண்குட்டி. அதன் பெயர் கிஸ்மிஸ். தம்பி பெயரைக்கூடச் சொல்லியிருக்க மாட்டான்.

மகள் மிஸ்பாவின் பிரசவத்துக்குத் திருப்பூர் போயிருந்தேன். நாற்பது நாள் கழித்து வந்து குதிரைக் கொட்டத்தைத் திறந்தால் கொள்ளுத் தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது. "ஆம்பளை இல்லாத வீட்டுக்குக் குதிரை எதுக்குக்கா? நல்ல கையாப் பாத்துத்தான் குடுத்தேன்" என்கிறான். நான் அவனோடு பேசிப் பதினோரு நாள் ஆகிறது.

அது என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டிய குதிரையின் குட்டி. அவர் மௌத்தாகி மூன்று வருடம். தாய்க்குதிரை ஈன்ற எட்டாம் நாளே செத்துப்போனது. மூன்று மாதம் நான் புட்டிப்பால் கொடுத்து எழுப்பிய உயிர் அது. என்றாலும் விற்றது விற்றதுதான், திருப்பிக் கேட்டு வழக்காட மாட்டேன். ஒன்றை மட்டும் விட மாட்டேன்.

அவன் சமவெளிக் குட்டி. தோல் மெல்லிசு. உங்கள் மட்டக்குதிரைகளுக்கு இருக்கிற முடி அவனுக்குக் கிடையாது. இன்னும் ஒரு வயசுகூட முடியவில்லை. கார்த்திகை பிறப்பதற்குள் அவன் மேல் ஒரு போர்வை ஏற வேண்டும். நான் இலவம் பஞ்சு மெத்தை தைப்பவள், குதிரைக்கும் தைக்கத் தெரியும். அளவு அனுப்புங்கள், போதும்.

அனுப்பவில்லை என்றால் நேரில் வந்து நிற்பேன்.

ரஃபியா

•

உ

ஊத்துப்பாறை, குரங்கணி வழி
26.10.2002

கம்பம் ரஃபியா அம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. என் சம்சாரம் அன்னத்தாய் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். நீங்கள் அதட்டியிருப்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்றாம்.

குதிரை சுகம். கிசுமிசு என்று ஒரு பெயரா? இங்கே குதிரைக்கெல்லாம் பெயர் கிடையாது. மூத்தது, நொண்டி, கருப்பி, அவ்வளவுதான். இவன் சின்னவன். நேற்று அன்னத்தாயின் கொண்டையில் இருந்த பூவைத் தின்றுவிட்டான்.

நான் இருபத்தாறு வருடமாகக் குரங்கணிக்கும் மேலே எஸ்டேட்டுக்கும் அரிசி மூட்டை ஏற்றி, காப்பிக்கொட்டை இறக்குகிறவன். ஐந்து குதிரை இருக்கிறது. ஒன்றுகூட இதுவரை சட்டை போட்டதில்லை. நான் குதிரைக்குப் போர்வை போர்த்தினேன் என்று தெரிந்தால் இந்த மலையே கைகொட்டிச் சிரிக்கும். குளிர் கூடினால் சாக்கு இருக்கிறது. மெத்தையும் தலையணையும் கீழே இருக்கிறவர்களுக்கு ஆகும்.

காலையில் மட்டும் வாலை ஒடுக்கிக்கொண்டு சுவரோரம் ஒட்டி நிற்கிறான். வெயில் பட்டால் சரியாகிவிடும். போர்வை அனுப்ப வேண்டாம்.

மலைச்சாமி

•

786

கம்பம்
4.11.2002

மலைச்சாமி அவர்களுக்கு,

வாலை ஒடுக்கிச் சுவரோரம் நிற்கிறான் என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டு, கடைசி வரியில் வேண்டாம் என்கிறீர்கள். குதிரை வாலை ஒடுக்கினால் என்ன அர்த்தம் என்று இருபத்தாறு வருடம் குதிரை வைத்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டுமா?

சாக்கு ஆகவே ஆகாது. இரவு மூடுபனியைக் குடித்துக் காலையில் ஈரத்தோடு முதுகில் ஒட்டிக் கிடக்கும். அதைப் போடுவதற்குப் பதில் சும்மா விட்டுவிடலாம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவர்கள் வாயா நெஞ்சுச்சளிக்கு மருந்து கொண்டுவரப் போகிறது?

இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, தை முடியும் வரைக்கும் அவனை என்னிடம் அனுப்புங்கள், மாசியில் திருப்பி அனுப்புகிறேன். இல்லை என்றால் அளவு அனுப்புங்கள்.

அளவு எடுப்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முழம் போட்டு எழுதாதீர்கள். உங்கள் முழம் வேறு, என் முழம் வேறு. ஒரு கயிறு எடுங்கள். நெஞ்சின் நட்டநடுவில் ஒரு முனையை வைத்து, தோளைச் சுற்றி, விலாவோடு கொண்டுபோய், வால் முளைக்கிற இடத்தில் ஒரு முடிச்சு. அவன் நேராக நிற்க வேண்டும், நான்கு காலும் ஊன்றியிருக்க வேண்டும். நிற்க மாட்டான். வெல்லம் காட்டுங்கள், நிற்பான். அந்தக் கயிற்றையே கவரில் போட்டு அனுப்புங்கள்.

நாளை மறுநாள் நோன்பு தொடங்குகிறது. நோன்போடு நோன்பாகத் தைத்துவிடுவேன்.

ரஃபியா

•

உ

ஊத்துப்பாறை
19.11.2002

ரஃபியா அம்மாளுக்கு,

கயிறு இதில் இருக்கிறது. வெல்லம் காட்டினேன். வெல்லத்தைத் தின்றுவிட்டுக் கயிற்றையும் கடித்தான். முனை பிசிறடித்திருப்பது அதனால்தான், அளவு சரி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் இருமல் ஆரம்பித்தது. மூன்று நாள் கொள்ளை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். அன்னத்தாய் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொம்பளை எழுதுனதைச் செஞ்சா உம்ம மீசையா இறங்கிப் போகும்? கயித்தை எடுமய்யா!" என்று எஸ்டேட் லயத்து வீடுகளுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். எடுத்துவிட்டேன்.

கீழே அனுப்புவது நடக்காது. ஒன்று, இருமலோடு அந்தச் சறுக்குப் பாதையில் இறங்க மாட்டான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கீழே வந்தால் நீங்கள் திருப்பித் தருவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

போர்வையைப் போடியில் குரங்கணி பஸ் கண்டக்டரிடம் கொடுங்கள். பாதை முடிகிற இடத்தில் சுருளியாண்டி டீக்கடை. அங்கே இறக்கினால் எனக்கு வந்துவிடும். விலாசம் எல்லாம் வேண்டாம். என் பெயரைப் பெரிதாக எழுதினால் போதும். போடியிலிருந்து மலை உச்சி வரைக்கும் மலைச்சாமி என்றால் தெரியாதவன் கிடையாது.

மலைச்சாமி

•

786

கம்பம்
1.12.2002

மலைச்சாமி அவர்களுக்கு,

இன்று காலை போர்வை போய்விட்டது. நானே போடி போய்க் கண்டக்டர் கையில் கொடுத்தேன்.

மேலே லாரித் தார்ப்பாய். உள்ளே என் பழைய வாயில் சேலை, உரசாது. நடுவில் இரண்டு விரல் கனத்துக்கு இலவம் பஞ்சு. பஞ்சு ஒரு பக்கமாய் ஒதுங்காமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தைத்திருக்கிறேன். வயிற்றுக்குக் கீழே இரண்டு வார். வாருக்கும் வயிற்றுக்கும் நடுவில் உங்கள் கை நுழைய வேண்டும். தொங்கினால் படுத்து எழும்போது கால் மாட்டிக்கொள்ளும். வளர்கிற குட்டி என்பதால் நெஞ்சுப் பக்கம் நான்கு விரல் துணியை மடித்து உள்ளே விட்டிருக்கிறேன். இறுகினால் தையலைப் பிரித்துவிடுங்கள்.

போடும்போது கழுத்துப் பக்கம் தள்ளி வைத்து, பின்னால் இழுங்கள். பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் முடி நிமிர்ந்து நிற்கும், அரிக்கும், கடித்துப் பிய்த்துவிடுவான். வெயில் வந்ததும் கழற்றிக் காயப்போட வேண்டும்.

மேலே கருப்பு மையால் நீங்கள் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன்: மலைச்சாமி குதிரைக்கு.

வந்ததும் ஒரு வரி போடுங்கள். பெருநாள் சேமியாவைப் பதறாமல் கிண்ட வேண்டும் எனக்கு.

ரஃபியா

•

உ

ஊத்துப்பாறை
16.12.2002

ரஃபியா அம்மாளுக்கு,

பதினைந்து நாள் ஆகிவிட்டது. போர்வை வரவில்லை. அவனை விட்டு நகர முடியாமல் நான் கீழே இறங்கவே இல்லை, ஆனால் டீக்கடைக்கு வந்த பொருள் எப்படியும் மேலே வந்துவிடும். எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிகிறது. பொருளைக் காணோம்.

மார்கழி பிறந்துவிட்டது. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. எஸ்டேட்டில் எனக்குக் கொடுத்த கம்பளியை அவனுக்குப் போட்டுவிட்டு, அன்னத்தாயும் நானும் ஒரே கம்பளியில் கிடக்கிறோம். என் கம்பளி அவன் முதுகோடு சரி. நெஞ்சும் தொடையும் வெளியே தெரிகிறது. விலா எலும்பை எண்ணிவிடலாம். மூக்கு ஒழுகுகிறது.

அனுப்பினீர்களா, இல்லையா? ஆமாம், இல்லை, ஒன்றைச் சொல்லுங்கள்.

மலைச்சாமி

•

786

கம்பம்
21.12.2002

மலைச்சாமி அவர்களுக்கு,

ஆமாம். அனுப்பினேன். ரஃபியா பொய் சொல்லிக் குதிரையைச் சாகவிடுவாள் என்று நினைத்தால் உங்களை என்ன சொல்ல?

கடிதம் பார்த்ததும் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கண்டக்டர் ஞாபகம் வைத்திருக்கிறார். "டீக்கடையில குடுத்தேம்மா, அந்தக் கடைக்காரவுக சம்சாரம் வாங்கி வச்சாக. கண்ணால பாத்தேன்" என்று அடித்துச் சொல்கிறார்.

இறங்கிப் போய்க் கேளுங்கள். இன்றைக்கே. எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

ரஃபியா

•

உ

குரங்கணி, சுருளியாண்டி கடை
24.12.2002

ரஃபியா அம்மாளுக்கு,

மருந்து வாங்க இறங்கியவன் இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் கார்டும் இங்கேதான் கிடைத்தது. போர்வை இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது. எங்கே என்று சொன்னால் சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆற்றைத் தாண்டி ஒரு தோப்பில் எங்கள் குலசாமி கோயில். சாமி பெயர் மலைச்சாமி. அந்தப் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். சாமிக்கு முன்னால் நெஞ்சுயரத்தில் ஒரு மண்குதிரை நிற்கிறது. அதன் மேல்தான் உங்கள் போர்வை கிடக்கிறது. சந்தனம் தெளித்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார்கள். வார் எல்லாம் ஒழுங்காக மாட்டியிருக்கிறது. அளவும் அப்படியே பொருந்தியிருக்கிறது.

பார்சல் வந்த அன்று சுருளியாண்டி கடையில் இல்லை. அவன் சம்சாரம் சந்தனம்மாள் வாங்கியிருக்கிறாள். படித்தவள். "மலைச்சாமி குதிரைக்கு" என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நம்ம சாமிக்கு யாரோ நேர்ந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அன்றைக்கே தலையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் சத்தம் போட்டேன். "ஏத்தா, மலைச்சாமின்னா நான்னு தெரியாதா?" அவள் வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அய்யய்யோ, உங்க பேரு மலைச்சாமியாண்ணே? குதிரைக்காரண்ணேன்னுல்ல எல்லாரும் சொல்லுவாக!"

இருபத்தாறு வருடமாக இந்தக் கடையில் டீ குடிக்கிறேன். போடியிலிருந்து உச்சி வரைக்கும் தெரியும் என்று உங்களுக்கு எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடுங்கள்.

கண்டக்டர் சொல்லித் தெரிந்துகொண்டு, கம்பத்து பாய் வீட்டம்மா சாமி குதிரைக்குப் போர்வை நேர்ந்து அனுப்பினாள் என்று ஊரே சந்தோசப்பட்டு, உங்கள் பெயரில் பொங்கல் வைத்துச் சாப்பிட்டிருக்கிறது.

பூசாரியைக் கேட்டேன். பூக்கட்டிப் போட்டுப் பார்த்தார். வெள்ளைக்கு எடுக்கலாம், சிவப்புக்குக் கூடாது என்று கேட்டோம். சிவப்பு வந்தது. இனி ஒரே வழிதானாம். நேர்ந்தவர்கள் தங்கள் வாயால், "இது சாமிக்கில்லை" என்று சொல்லிவிட்டால் இறக்கிக்கொள்ளலாம். நீங்கள் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

நானே எடுத்துவிடலாம் என்று கை வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வார் வரைக்கும் கை போய்விட்டது. அதற்கு மேல் முடியவில்லை. ஐம்பத்து மூன்று வருடமாக அந்தப் பெயரை வைத்துச் சோறு தின்றிருக்கிறேன்.

போடி மாட்டு டாக்டர் ஊசி கொடுத்திருக்கிறார். நெஞ்சைச் சூடாக வைக்காவிட்டால் ஊசி பிரயோசனம் இல்லை என்றார். படுத்தால் எழ நேரமாகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே எழுதுங்கள்.

மலைச்சாமி

•

786

கம்பம்
27.12.2002

மலைச்சாமி அண்ணனுக்கு,

நாலு வரி எழுத மாட்டேன்.

கோபப்படாமல் படியுங்கள். அந்தப் பெண் மனசாரப் போர்த்தியிருக்கிறாள். ஊர் கூடிப் பொங்கல் வைத்திருக்கிறது. அதை உருவு என்று எழுத என் கை வராது. நான் வேறு மார்க்கத்துக்காரி என்பதால் இன்னும் வராது. நாளைக்கு யாருக்காவது தலைவலி வந்தால்கூட அந்தக் கையெழுத்தைத்தான் சொல்லுவார்கள். நான் நேரவில்லை என்று அல்லாவுக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாம். அது அங்கேயே கிடக்கட்டும்.

உங்கள் கடிதத்தை நேற்றுக் காலையில் பார்த்தேன். புதுப் பஞ்சு வாங்கி, வெயில் காட்டி, அடித்து எடுக்க நாள் ஆகும். என் படுக்கை மெத்தையைப் பிரித்துவிட்டேன். வீட்டுக்காரர் இருந்த காலத்தில் தைத்தது. அவர் கேட்டால் என்ன சொல்வார் என்று ஒரு நிமிடம் நின்றேன். "குதிரை செத்த பெறகு மெத்தையில எப்புடித் தூங்குவ?" என்று கேட்டிருப்பார். பிரித்தேன். நேற்றும் இன்றும் உட்கார்ந்து முக்கால்வாசி தைத்தாயிற்று.

நீங்கள் கயிறு அனுப்பி ஐந்து வாரம் முடிந்துவிட்டது. அவன் அதற்குள் வளர்ந்திருப்பான், இருமினாலும் எலும்பு வளரும். அதனால் நெஞ்சுப் பக்கத்தைத் தைக்காமல் விட்டிருக்கிறேன். அவனை நிற்க வைத்துத்தான் அதைத் தைப்பேன். ஊசியும் நூலும் என்னோடு வருகிறது. திங்கட்கிழமை முதல் பஸ்.

யார் கையிலும் கொடுப்பதாக இல்லை. பெயரும் எழுதப் போவதில்லை. இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமோ பின்னால் வருமோ தெரியாது. நீங்கள் டீக்கடையில் இல்லை என்றால் வழி கேட்டு ஏறிவிடுவேன். குதிரைக்காரண்ணன் வீடு எது என்று கேட்டால் சொல்லுவார்கள் அல்லவா?

அதுவரைக்கும் தைலமர இலை போட்டு வெந்நீர் ஆவி காட்டுங்கள். கொள்ளுக் கஞ்சியில் சுக்கும் வெல்லமும் போடுங்கள். அன்னத்தாய் மதினியின் கம்பளியையும் வாங்கி நெஞ்சுக்குக் குறுக்கே கட்டுங்கள். அவுக கோபித்துக்கொள்ள மாட்டாக.

அவன் தாங்குவான். தாங்க வைப்போம்.

ரஃபியா

•

உ

ஊத்துப்பாறை
18.2.2003

தங்கச்சி ரஃபியாவுக்கு,

நீ போய் ஒன்றரை மாதம் ஆகிறது. இப்போதுதான் பேனா பிடிக்கத் தெம்பு வந்தது. அவனைத் துரத்திப் பிடிப்பதே வேலையாகிவிட்டது. இருமல் சுத்தமாக நின்றுவிட்டது. நேற்று மூத்ததை வம்புக்கிழுத்து உதை வாங்கிக்கொண்டு வந்தான். டாக்டர் வந்து நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று வயது முடியும் வரைக்கும் பொதி ஏற்றாதே என்றார். ஏற்றவில்லை.

மழைத் தூறலில் மெத்தைப் போர்வையைத் தலையில் சுமந்துகொண்டு நீ ஏறி வந்ததை இன்னும் லயத்தில் பேசுகிறார்கள். குதிரை மேல் வைக்கச் சொன்னதற்கு, "குதிரைக்கு வேர்க்கும், நனைஞ்சுரும், என் தலையே போதும்" என்றாயே. அந்த ஆறு நாளும் நீ எங்கள் வீட்டில் வெறும் பாயில் படுத்ததை நினைத்து அன்னத்தாய் இப்போதும் அழுகிறாள். உன் மெத்தை இங்கே ஒரு குதிரை முதுகில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் என்ன சொன்னாலும் காணாது.

நெஞ்சு வாரை இரண்டு துளை தள்ளிப் போட்டிருக்கிறேன். நீ சொன்னதுதான் சரி. முதல் போர்வை வந்திருந்தாலும் மார்கழிக்குள் இறுகியிருக்கும். அது மண்குதிரைக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கிறது.

சந்தனம்மாள் இப்போது என்னை மலைச்சாமியண்ணே என்று கூப்பிடுகிறாள். வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நான் திரும்பிப் பார்ப்பதில்லை. கோயில் போர்வை வெயிலில் வெளுத்துவிட்டதாம். பாய் வீட்டம்மா வருசா வருசம் போர்வை அனுப்புவாக என்று ஊருக்குள் பேச்சு. நான் வாயைத் திறக்கவில்லை.

இத்துடன் இரண்டு கயிறு இருக்கிறது. நீளமானது கிஸ்மிஸுக்கு. பெயர் சரியாக எழுதியிருக்கிறேனா? புரட்டாசியில் மறுபடி அளந்து அனுப்புகிறேன், இந்தக் கயிறு அவன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று நீ பார்க்க. சின்னது மண்குதிரைக்கு. அதை மறுபடி அளக்க வேண்டியதில்லை. அது வளராது.

இன்னொன்று. கார்த்திகையில் நானே அவனை மெல்ல நடத்தி இறக்கி உன் கொட்டத்தில் விட்டுவிடுகிறேன். குளிர் முடிய உன்னிடம் இருக்கட்டும். எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்க மாட்டேன். நீ தராவிட்டாலும் கேட்க மாட்டேன்.

மலைச்சாமி

•

786

கம்பம்
1.3.2003

மலைச்சாமி அண்ணனுக்கு,

கயிறு இரண்டும் வந்தன. நீளக் கயிற்றைப் பழைய கயிற்றோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சாண் வளர்ந்திருக்கிறான். அடுப்பில் பால் பொங்கியது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

சின்னக் கயிற்றை ஆணியில் மாட்டியிருக்கிறேன். மார்கழிக்கு முன்னால் தைத்து அனுப்புகிறேன். சந்தனம்மாளிடம் சொல்லுங்கள், இது நேர்த்தி இல்லை, தையல்காரிக்கு வந்த ஆர்டர். அவள் எப்படிச் சொல்லிக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். அந்தப் போர்வையில் "சாமி" என்றும் இவன் போர்வையில் "கிஸ்மிஸ்" என்றும் எழுதிவிடுகிறேன். உங்கள் பெயரை எதிலும் எழுதுவதாக இல்லை.

அஜீஸ் வந்திருந்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவனுக்குச் சோறு போட்டேன். "நல்ல கையாப் பாத்துத்தான் குடுத்தேன்" என்று அன்றைக்குச் சொன்னானே, அது பொய்யில்லை என்று சொன்னேன். இரண்டு வாய் சாப்பிட்டவன் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

கார்த்திகையில் அவனை இறக்கிக் கொண்டுவர வேண்டாம். ஏறி இறங்கி அலைக்கழிய வேண்டாம் அண்ணே, அவன் வீடு அதுதான். போர்வையை நான் கொண்டுவருகிறேன். மதினிக்குப் பன்னீர்த் திராட்சையும் கொண்டுவருவேன். இந்தத் தடவை நான் பாயில் படுக்க வேண்டியதில்லை. புது மெத்தை தைத்து முடித்துவிட்டேன், சுருட்டிக் கட்டி எடுத்து வருகிறேன்.

முதல் கடிதத்தில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். நான் நலம். நீங்கள் நலமா?

குதிரையைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் உங்களிடம்தானே இருக்கிறான்.

தங்கச்சி
ரஃபியா